தாங்கிப் பிடித்த கைகள்: துன்பத்தின் நடுவே இறைவனின் உண்மை குறித்து



யாருடைய நினைவாக நாம் இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கோயிலுக்குப் போகிறவர் அல்லர். ஆனால் அவர் வளர்ந்த வீட்டில், அந்தி சாய்ந்ததும் முழந்தாள் போட்டு ஜெபிக்கிற ஒரு தாய் இருந்தார். "எத்தன வருசமா முட்டி தேயக் கும்பிடுற, உன் ஆண்டவரு என்னம்மா செஞ்சாரு?" என்று மகன் கேட்பாராம். "நாம இன்னும் இருக்கமுல்ல" என்பாராம் அந்த அம்மா. இந்த உரையாடலைத் தோழர் மேடைகளில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். தொடக்கத்தில் கேலியாகச் சொன்னார். கடைசி ஆண்டுகளில் கேலி இல்லாமல் சொன்னார். அம்மாவின் பதில் சரியா தவறா என்று அவர் முடிவு சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நம்மிடம் விட்டுப் போயிருக்கிறார்.

எனவே இந்த ஆண்டின் உரைக்கு அதையே எடுத்துக்கொண்டோம். ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், துன்பம் தீராத நிலையிலும், கடவுள் உண்மையுள்ளவர் என்று சொல்லி வந்திருக்கிறது. அது ஏமாற்றா, மயக்கமா, அல்லது உயிர்த்திருப்பதற்கான ஓர் அரசியலா? விடையைத் தத்துவத்தில் தேடுவதற்கு முன் நம் காலடி மண்ணில் தேடுவோம்.

1. இரு மலைகளுக்கு நடுவே

உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கொல்லிமலை. கிழக்கே பச்சைமலை. கொல்லிமலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை. சோபனபுரம் வழியாக ஏறினால் பச்சைமலைச் சிற்றூர்கள். மலைமேல் மலையாளி என்ற பழங்குடி மக்கள், கீழே சமவெளியில் ஊரும் சேரியும். இந்த நில அமைப்பு தேர்தல் வரைபடத்திலும் இருந்தது. உப்பிலியபுரம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் அது இல்லாமல் போனது. இன்று இப்பகுதி துறையூர்த் தொகுதிக்குள் வருகிறது. துறையூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. மலையின் மக்களும் சேரியின் மக்களும் ஒரே மண்ணில், ஒரே வாக்குப்பெட்டியில் சந்திக்கிற இடம் இது.

இவர்கள் சந்திக்கிற இன்னோர் இடம் ஜெபக்கூடம். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பமும், சேரியிலிருந்து நடந்து வந்த ஒரு குடும்பமும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் சட்டத்தின் கண்ணில் என்ன மாறியிருக்கும்? மலைக் குடும்பத்துக்கு ஒன்றும் மாறாது. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. சேரிக் குடும்பமோ பட்டியல் சாதி என்ற நிலையை இழந்துவிடும். தமிழ்நாட்டில் அவர்களின் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள். தொகுதி தனித்தொகுதியாகவே இருக்கும். ஆனால் அதில் போட்டியிடும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு இருக்காது.

ஒரே பாய், ஒரே தண்ணீர், இரண்டு சான்றிதழ்கள். நம்பிக்கைக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விலையைக் கட்டுகிறவர்கள் தலித்துகள் மட்டுமே. இந்த விலையைத் தெரிந்தும் கட்டியவர்களுக்கு அப்படி என்ன கிடைத்தது என்று கேட்பதுதான் வரலாற்றை நேர்மையாகத் தொடங்கும் வழி.

2. கஞ்சியின் வரலாறு

நம்மை இழிவுபடுத்த ஒரு சொல் உண்டு: சோற்றுக் கிறிஸ்தவர்கள். கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு அஞ்சி, நம் முன்னோர் வேதத்தைப் படித்துத் தெளிந்து, ஆன்மத் தேடலில் மட்டுமே மாறினார்கள் என்று பதில் சொல்லத் தேவையில்லை. கஞ்சியின் வரலாற்றை அப்படியே சொல்வோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் தின்றது. தானியம் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோதே மக்கள் சாலையோரங்களில் செத்து விழுந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, ரிச்சர்ட் டெம்பிளின் கணக்குப்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கூலி. ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோகூட இல்லை. கல் உடைக்கிற உடம்புக்கு அது போதுமா என்று அரசு கேட்டுப் பார்க்கவில்லை, எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் சோதித்துப் பார்த்தது. அந்தப் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் தமிழகத்தின் பல பகுதிகளில் தலித்துகள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி சேரியாக, திருச்சபைகளுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் பசியோடு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பசித்தவரின் ஜெபம் பொய்யான ஜெபம் என்று யார் சொன்னது? இயேசு தம் சீடருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில், அன்றன்றைக்கு வேண்டிய உணவுக்கான விண்ணப்பம் பாவமன்னிப்புக்கான விண்ணப்பத்துக்கு முன்னால் நிற்கிறது. களஞ்சியம் நிறைந்தவர்கள் அந்த வரியைக் கடந்து போய்விடலாம். நம் பாட்டிமார் அந்த இடத்தில் நின்றார்கள். பண்ணையாரிடம் கையேந்தி வாங்கிய கூழுக்கும், வரிசையில் மனிதராக உட்கார்ந்து வாங்கிய கஞ்சிக்கும் இருந்த வேறுபாட்டை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் நம்பிய கடவுளின் முதல் அடையாளம் அந்த வேறுபாடுதான்.

நமக்கு மேற்கே இருக்கும் கொல்லிமலையிலும் ஒரு கஞ்சிக் கதை உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய இணையர் 1913இல் திருமணமானதும் அந்த மலையில் குடியேறினார்கள். வாழவந்தி என்ற ஊர் அவர்களின் தளம். மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுவுக்குச் சிகிச்சை செய்தார்கள், பள்ளி நடத்தினார்கள், மலைவாசிகளைச் சுரண்டியவர்களுக்கு எதிராக அதிகாரிகளிடம் வாதாடினார்கள். ஆண்டுகள் பல கடந்தும் யாரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. கோயில் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

1918இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. மலையில் காய்ச்சல் கண்ட வீட்டை விட்டு உறவினர்களே ஓடினார்கள். பிராண்ட் இணையர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துப் போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். அவர் வீட்டுக்கும் கஞ்சி போனது. சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். மலையில் திருச்சபையின் தொடக்கம் அதுதான். வாதத்தில் வென்று தொடங்கியதல்ல. எல்லாரும் ஓடியபோது ஓடாமல் நின்றவர்கள் இருந்ததால் தொடங்கியது.

1929 ஜூனில் ஜெஸ்ஸி கறுநீர்க் காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த அவர்களின் மகன் பாலுக்குத் தந்தி முதலில் போனது. கப்பலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த தந்தையின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்து சேர்ந்தன. ஈவ்லின் கலங்கிப்போனார். ஆனால் விலகவில்லை. சில காலத்துக்குப் பிறகு மிஷன் அவரைச் சமவெளிக்கு மாற்றியது. வயது காரணமாகப் பணி ஓய்வு கொடுத்தது. ஓய்வு வாங்கிக்கொண்ட கையோடு, ஏறத்தாழ எழுபது வயதில், அவர் தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் மலையேறினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போவது கணவரோடு சேர்ந்து கண்ட கனவு. குதிரைக்குட்டியின் மேலும், பின்னர் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும், மலைவாசிகள் தாங்கிப் பிடிக்கவும் நடந்தார். 1974இல், 95ஆம் வயதில் மறைந்தார். கணவருக்கு அருகிலேயே மலையில் புதைக்கப்பட்டார்.

இந்தக் கதையை நாம் மதிப்போடு சொல்கிறோம். ஆனால் புனிதர் கதையாகச் சொல்லி நிறுத்த முடியாது. மணநாளன்று அந்தப் பெண்மணியை மழையில் டோலியில் வைத்து மலைமேல் தூக்கிப்போன கூலிகள் இருந்தார்கள். முதுமையில் குதிரைமேல் அவரை விழாமல் பிடித்துக்கொண்ட கைகள் இருந்தன. வரலாறு டோலியில் உட்கார்ந்தவரின் பெயரைச் சொல்கிறது. தூக்கியவரின் பெயரைச் சொல்வதில்லை. இறைவனின் உண்மைக்குச் சான்று என்று சபைகளில் சொல்லப்படும் கதைகளில் பாதி அந்தப் பெயரில்லாக் கைகளின் கதை. அவற்றைச் சேர்த்துச் சொல்லாதவரை அந்தச் சான்று முழுமையாகாது.

3. கோயிலுக்குள் எழுந்த சுவர்

கொள்ளைநோயில் ஓடாமல் நின்ற திருச்சபை, சாதியின் முன் நின்றதா? இங்கே நாம் கசப்பானதைப் பேசியாக வேண்டும்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியைப் போல வாழ்ந்து மேல்சாதியினரை ஈர்க்க முயன்றார். அவரால் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியாத நிலை ஏற்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப 1640இல் பல்தசார் ட கோஸ்டா முதல் பண்டாரசாமியானார். மேல்சாதிக்கு ஒரு குரு, நமக்கு ஒரு குரு. நற்செய்தி ஒன்று, அது வந்த வாசல்கள் இரண்டு. சீர்திருத்தச் சபைகளிலும் கதை பெரிதும் வேறல்ல. 1766இல் ஷ்வார்ட்ஸ் ஐயர் திருச்சிக் கோட்டைப் பகுதியில் கிறிஸ்துநாதர் ஆலயத்தைக் கட்டினார். அந்த மரபில் வந்த சபைகளிலும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாகச் சபையைவிட்டு விலகினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடலாம், சாதியை விடமுடியாது என்பதை நேரடியாகவே சொன்னார்கள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே கோயில் கட்டினார்கள். 1910இல் பாதிரியார் கௌசானல் தடுப்பை இடித்தபோது வழக்கு நீதிமன்றம்வரை போனது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதையொட்டி வன்முறை வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அதே நற்கருணையை உண்டவர்கள் அதே நற்கருணையை உண்டவர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். திருச்சி மாநகரில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரை எதிர்த்து நம் தோழர்கள் போராடியதை நீங்கள் அறிவீர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், கடைசி எக்காளம் ஊதும்போது யார் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்பதையும் சுவர் வைத்து முடிவு செய்திருந்தார்கள்.

இந்த இடத்தில் மீண்டும் கொல்லிமலைக்குப் போக வேண்டும். தந்தையின் கடிதங்களைத் தாமதமாகப் பெற்ற அந்தச் சிறுவன் பால் பிராண்ட் அறுவை மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை மீண்டும் விரியச் செய்யும் சிகிச்சையை உருவாக்கியவர்களில் முன்னோடி அவர். அவர் கண்டறிந்து சொன்னது எளிமையானது. நோய் தானாகவே விரல்களைத் தின்றுவிடுவதில்லை. உணர்ச்சி போய்விடுகிறது. சுடுபாத்திரத்தைத் தொட்டாலும் வலிக்காததால் கை விலகுவதில்லை. காயமும் தொற்றும் சேர்ந்து விரலைக் குறைக்கின்றன. வலி இல்லாமைதான் உடலைச் சிதைக்கிறது.

ஒரு நோயை இழிவுச் சொல்லாக மாற்றுவது நம் வழக்கமல்ல. ஆனால் இந்த மருத்துவ உண்மை நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. திருச்சபையைக் கிறிஸ்துவின் உடல் என்றும், ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் உடன் துன்புறும் என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சேரியில் குடிசை எரிந்தபோது ஆயர் இல்லங்களுக்கு வலித்ததா? கல்லறையில் சுவர் எழுந்தபோது பாடகர் குழுவுக்கு வலித்ததா? வலிக்காத உடல் நலமான உடல் அல்ல. அப்படியானால் நம் கோபமும் நம் முறையீடும் திருச்சபைக்கு எதிரானவை அல்ல. அந்த உடலில் இன்னும் மிச்சமிருக்கிற உணர்ச்சி நாம்தான்.

4. மூன்றாம் பத்தி

1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதே வாசலில் நின்றுவிடுகிறது. அடிப்பவன் மதம் கேட்டு அடிப்பதில்லை. வழக்குப் பதியும்போது மட்டும் மதம் கேட்கப்படுகிறது.

மாணவர்கள் சூசை வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். சூசை சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. காரணம் அவர் மதம். அதே வெயில், அதே ஊசி, அதே தோல். உச்ச நீதிமன்றம் 1985இல் அவர் மனுவை ஏற்கவில்லை. மதம் மாறிய பிறகும் சாதியின் இழிவு அதே கடுமையோடு புதிய சமூகத்தில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது.

சான்று கேட்டார்கள். நம் துன்பத்தை நாம் நிரூபிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று பிரசங்க மேடைகள் சொல்லி வந்தன. அந்தச் சொல்லே நீதிமன்றத்தில் நமக்கு எதிராக நின்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதி நிலையை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நமக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1950 முதல் கணக்கிட்டால் மூன்று தலைமுறைகள் காத்திருந்திருக்கின்றன.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே கண்டார். மதம் மாறியவர்களின் நிலை குறித்து அவர் எழுதிய கட்டுரைகள் கிறிஸ்தவ நிறுவனங்களிடமும் கேட்கின்றன, நம்மிடமும் கேட்கின்றன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் யாருக்குப் பயன்பட்டன? மதம் மாறிய தலித்துகள் தங்கள் துயரங்களைக் களைய ஏன் அமைப்பாகத் திரளவில்லை? ஆறுதல் மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து நிற்கவிடாத நம்பிக்கையை அவர் நம்பவில்லை. அந்த விமர்சனம் நம் நெஞ்சில் தைக்க வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தத்தைத் தேர்ந்தார். ஆனால் 1880களில் 'திராவிடப் பாண்டியன்' இதழில் அவரோடு கைகோத்த ஜான் ரத்தினம் கிறிஸ்தவப் போதகர். வழிகள் வேறானாலும் கைகள் கோத்திருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது.

5. ஒப்பாரியும் உண்மையும்

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். கடவுள் உண்மையுள்ளவர் என்ற கூற்றை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. வயிறு நிறைந்த பிரசங்கி பசித்தவரைப் பார்த்துச் சொன்னால் அது வாயை அடைக்கும் சொல். பொறுத்துக்கொள், இது சோதனை, பரலோகத்தில் பலன் உண்டு. துன்பத்தைக் கொடுத்தவனை விட்டுவிட்டு, துன்பத்தைக் கடவுளின் கணக்கில் எழுதுகிற பேச்சு இது. சாதி கடவுள் வைத்த சோதனை அல்ல. மனிதர்கள் செய்த குற்றம். இதில் நமக்கு ஐயமே இல்லை.

ஆனால் துன்பப்படுகிறவரே அதைச் சொல்லும்போது அது வேறு. புலம்பல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் எரிந்துவிட்டது. குழந்தைகள் தெருவில் பசியால் மயங்கி விழுகிறார்கள். ஐந்து அதிகாரங்களும் ஒப்பாரி. நம் வீட்டுப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாடுகிற அதே ஒப்பாரி. நகரத்தைக் கைம்பெண்ணாக உருவகித்து அழுகிறது முதல் அதிகாரம். நடுவில் இருக்கும் மூன்றாம் அதிகாரத்தில், மற்ற ஒவ்வோர் அதிகாரத்திலும் இருப்பதைப்போல மூன்று மடங்கு வசனங்கள் இருக்கின்றன. அங்கேதான் இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிது என்ற நம்பிக்கை பேசப்படுகிறது. கவனியுங்கள்: அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரங்கள் அழுகைதான். நூல் ஆறுதலில் முடியவில்லை, கேள்வியில் முடிகிறது. நம்பிக்கை அழுகையைத் துடைத்துவிடவில்லை. அழுகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

நம் ஒப்பாரியும் வெறும் அழுகை அல்ல. அதில் வழக்கு இருக்கிறது. செத்தவரைக் கேட்கும், சொந்தத்தைக் கேட்கும், சாமியைக் கேட்கும். "என்னப் படச்சவனே, உனக்குக் கண்ணில்லையா" என்று கேட்கிறவள் கடவுளை மறுக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று சட்டையைப் பிடிக்கிறாள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் கூக்குரலிட்டதால்தான் கடவுள் இறங்கி வந்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. பாராட்டுப் பாடல் அல்ல, முறையீடுதான் அங்கே முதல் வழிபாடு.

இந்த முறையீட்டை இறையியலாக்கியவர்கள் நம்மவர்கள். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தலித்துகளின் வலியே அவர்களின் அறிவுக்கு ஊற்று, துன்புறும் ஊழியனாகிய கடவுள் அந்த வலிக்கு வெளியே நிற்பவர் அல்லர் என்றார். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை என்று நாம் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு, பறையையும் கிராமியப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எதைத் தொட்டால் தீட்டு என்றார்களோ அந்தப் பறையின் ஓசையில் கடவுளைத் துதித்தார். ஒரே உலையில் சோறு பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதே அவருடைய நற்கருணைப் பார்வை. கஞ்சியில் தொடங்கிய வரலாறு அங்கே ஒரு வட்டத்தை முடிக்கிறது. சோற்றுக் கிறிஸ்தவர் என்ற வசையை அவர் இறையியலாக மாற்றிவிட்டார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய ஒரு பெண், திருச்சபைக்குள் இருக்கும் சாதியை நம் பேச்சுமொழியிலேயே உடைத்துப் பேசினார். அதுவும் ஒரு புலம்பல் நூல்தான்.

சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இறைவனின் இந்தப் பண்புக்கு 'உண்மை' என்ற சொல்லை வைத்தார்கள். எபிரேயத்தில் அது எமூனா. ஆமென் என்று நாம் சொல்கிற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. அசையாமல் நிற்றல், தளராதிருத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். விவிலியத்தில் அந்தச் சொல் வருகிற மிகப் பழைய கதைகளில் ஒன்று யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அமலேக்கியரோடு போர். மலையுச்சியில் மோசே கையை உயர்த்தியிருக்கிறார். கை சோர்ந்து தாழ்கிறது. ஆரோனும் ஊரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் மறையும்வரை அந்தக் கைகள் எமூனாவாக இருந்தன என்கிறது நூல். தளராமல் இருந்தது மோசேயின் வலிமையால் அல்ல. இரண்டு பேர் தாங்கிப் பிடித்ததால்.

நாம் கண்ட வரலாறும் இதைத்தான் சொல்கிறது. இறைவனின் உண்மை வானத்திலிருந்து விழுந்த கொடையாக நமக்கு வரவில்லை. காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் கஞ்சியோடு நுழைந்த கையாக வந்தது. டோலியைச் சுமந்த தோளாக, கிழவியைக் குதிரைமேல் பிடித்த கையாக இருந்தது. சுவரை இடிக்கக் கடப்பாரை ஏந்திய கையாக, மனு எழுதிய கையாக, பறையடித்த கையாக இருந்தது. அந்தக் கைகளுக்குப் பின்னால் கடவுள் இருந்தாரா என்பதில் இந்த அவையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இருக்கட்டும். தோழருக்கும் அவர் அம்மாவுக்கும் இருந்த வேறுபாடு அதுதான். ஆனால் கைகள் தாழ்ந்தால் தோற்றுப்போவோம் என்பதில் அவர்கள் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

6. மாணவர்களுக்கு

கடைசியாக மாணவர்களிடம் சில சொற்கள். உங்களில் சிலருடைய சான்றிதழில் ஒரு பெயரும், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயரும் இருக்கும். படிப்புக்காக, வேலைக்காக, நம்பிக்கையை மறைத்து வாழ வேண்டிய வீடுகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், திங்கட்கிழமை ஒரு பெயர். இதற்காக யாரும் உங்களைப் பொய்யர் என்று சொன்னால் தலைகுனியாதீர்கள். பொய் உங்களுடையது அல்ல, அந்த மூன்றாம் பத்தியினுடையது. ஆனால் அந்த இரட்டை வாழ்க்கையை உங்கள் பிள்ளைகளுக்கும் சொத்தாக விட்டுப் போகாதீர்கள். பட்டியல் நிலை கேட்டு நடக்கும் போராட்டத்தில் நில்லுங்கள். அதோடு, உங்கள் கோயிலின் பங்குப் பேரவையில், கல்லறைத் தோட்டத்தில், திருவிழாத் தேர்ப்பாதையில் சாதி இருக்கிறதா என்று கேளுங்கள். அரசிடம் கேட்பதை ஆயரிடமும் கேளுங்கள். கோயிலுக்குள் இருக்கும் சாதியை ஆவணப்படுத்துங்கள். சூசையிடம் கேட்ட சான்று உங்கள் ஆய்வேடுகளிலிருந்துதான் வர வேண்டும்.

நம்பாத தோழர்களுக்கும் ஒன்று. முழந்தாள் போட்டிருக்கிற தாயைப் பார்த்து அடிமை மனம் என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். ஊரில் வேறு யார் முன்னாலும் அவள் அப்படி விரும்பி முழந்தாள் போட்டதில்லை. ஒருவர் முன் மட்டும் மண்டியிடுவது, மற்ற எவர் முன்னும் மண்டியிட மறுப்பதற்கான பயிற்சியாக நம் சேரிகளில் இருந்திருக்கிறது. அந்தப் பயிற்சியைப் போராட்டமாக்குவது நம் வேலை.

"நாம இன்னும் இருக்கமுல்ல" என்றார் அந்த அம்மா. பஞ்சத்துக்குப் பின்னும், கொள்ளைநோய்க்குப் பின்னும், சுவர்களுக்கும் சட்டங்களுக்கும் பின்னும் நாம் இருக்கிறோம். இருத்தல் மட்டும் போதாது என்று தோழர் சொன்னார், சரிதான். ஆனால் இருந்தால்தான் மற்றதைக் கேட்க முடியும் என்று அம்மா சொன்னதும் சரிதான். ஒருவர் தளரும்போது மற்றவர் இரண்டு பக்கமும் நின்று தாங்குவோம். இன்னும் சூரியன் மறையவில்லை.

ஜெய் பீம்.